திரைக்குள் ஒரு வகுப்பறை: பாடமா, விளையாட்டா?

மாலை நேரம். தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் பையன் கணினி முன் உட்கார்ந்திருக்கிறான். திரையில் கட்டம் கட்டமாக ஒரு வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் இன்னும் மூன்று பொம்மை உருவங்கள் அங்குமிங்கும் ஓடுகின்றன. சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்கும் அம்மா, “மறுபடியும் விளையாட்டா?” என்கிறார். “இல்லம்மா, இது பள்ளிக்கூட வேலை. டீச்சர் கொடுத்தாங்க” என்கிறான் பையன். அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. வராததில் தவறும் இல்லை.

பெற்றோர் கூடும் இடங்களிலும் கல்வி பற்றிய தொலைக்காட்சிக் கலந்துரையாடல்களிலும் இந்தக் காட்சி ஏதாவது ஒரு வடிவில் பேச்சுக்கு வந்துவிடும். ‘காலம் மாறிவிட்டது, பிள்ளைகளின் உலகமே அதுதான், பள்ளியும் அங்கே போகத்தான் வேண்டும்’ என்பார் ஒருவர். ‘கையெழுத்து கோணலாகிவிட்டது, கண் கெட்டுவிட்டது, இதில் பாடம் வேறா?’ என்பார் அடுத்தவர். இருவருமே கருவியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். திரைக்குள் அந்தப் பிள்ளைக்குக் கொடுக்கப்பட்ட வேலை என்ன என்று கேட்பவர் குறைவு. அந்த வேலையை அவன் தனியாகவே முடித்துவிட முடியுமா, அல்லது மற்ற மூன்று உருவங்களுக்குப் பின்னால் இருக்கும் மூன்று பிள்ளைகளும் அவனுக்குத் தேவையா? பாடமா விளையாட்டா என்பது அதைப் பொறுத்தே இருக்கிறது.

இரண்டு வகைக் கருவிகள்

முதல் வகை, பலர் சேர்ந்து எழுதும் பக்கம். 1995-இல் வார்ட் கன்னிங்ஹாம் என்ற அமெரிக்க நிரலாளர் முதல் ‘விக்கி’ தளத்தை இணையத்தில் வைத்தார். ஹவாய் மொழியில் ‘விக்கி’ என்றால் விரைவு. படிப்பவரே திருத்தலாம் என்பதுதான் அதில் இருந்த புதுமை. 2001-இல் வந்த விக்கிப்பீடியா அந்த எண்ணத்தை உலகெங்கும் கொண்டு சென்றது. தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. ரைட்லி என்ற இணைய எழுதுகருவியை 2006-இல் கூகல் நிறுவனம் வாங்கியது. பள்ளிகளில் பழகிப்போன ‘கூகல் டாக்ஸ்’ அதிலிருந்து வளர்ந்ததுதான். 2008-இல் ‘வால்விஷர்’ என்ற பெயரில் வந்து பிறகு ‘பேட்லெட்’ என்று பெயர் மாறிய சுவர்ப்பலகையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. மாணவர்கள் ஆளுக்கொரு சீட்டை எழுதி அதில் ஒட்டலாம்.

இரண்டாவது வகை, மெய்நிகர் உலகம். இங்கே பக்கத்துக்குப் பதிலாக ஓர் இடம் இருக்கிறது. தெரு, ஆறு, கட்டடம் எல்லாம் உண்டு. மாணவர் ஓர் உருவம் எடுத்து அதற்குள் நடக்கிறார், பிறரைச் சந்திக்கிறார், பேசுகிறார், சில இடங்களில் கட்டவும் செய்கிறார். அமெரிக்காவின் லிண்டன் லேப் நிறுவனம் 2003-இல் திறந்த ‘செகண்ட் லைஃப்’ இதில் பேர்போனது. இன்றைய பிள்ளைகளுக்குத் தெரிந்தது ‘மைன்கிராஃப்ட்’. அதன் பள்ளிப் பதிப்பை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2016-இல் வெளியிட்டது.

இவை வருவதற்கு முன்பே ‘மின்கற்றல்’ என்ற சொல் நம் ஊரில் பழகிவிட்டது. 2003 மார்ச் 27ஆம் தேதி, சார்ஸ் கிருமித்தொற்று காரணமாகச் சிங்கப்பூர்ப் பள்ளிகள் மூடப்பட்டன. அதன் பிறகு பல பள்ளிகள் ஆண்டில் சில நாள்களை மின்கற்றலுக்கென்று ஒதுக்கிப் பழகின. ஆனால் அன்றைய மின்கற்றலில் பெரும்பகுதி, பயிற்சித்தாளைத் திரைக்கு மாற்றியதுதான். பத்துக் கேள்வி, நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடு, மதிப்பெண் உடனே வரும். வீட்டில் தனியாக உட்கார்ந்து ஒரு பிள்ளை அதை முடித்துவிடலாம். முடித்ததும் தொலைக்காட்சி பார்க்கப் போய்விடலாம். பக்கத்துப் பிள்ளைக்கு அங்கே வேலையே இல்லை.

செத்து மிதந்த மீன்கள்

மெய்நிகர் உலகத்தில் பாடம் எப்படி நடக்கும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து கிடைக்கிறது. அங்கே பேராசிரியர் கிறிஸ் டீட் என்பவரும் அவருடைய குழுவினரும் ‘ரிவர் சிட்டி’ என்ற மெய்நிகர் நகரம் ஒன்றை உருவாக்கினார்கள். காலம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. ஆற்றங்கரை ஊர். மக்கள் நோயில் விழுகிறார்கள், காரணம் தெரியவில்லை. நடுநிலைப் பள்ளி மாணவர்கள் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து அந்த ஊருக்குள் போக வேண்டும். மருத்துவமனைப் பதிவேட்டைப் பார்க்கலாம், ஊராரிடம் விசாரிக்கலாம், தண்ணீரைச் சோதிக்கலாம், கொசுக்களை எண்ணலாம். பருவம் மாறும்போது மறுபடியும் வந்து பார்க்கலாம்.

இதில் ஒரு தந்திரம் இருந்தது. அந்த ஊரில் ஒரு நோய் மட்டும் இல்லை. தண்ணீரால் பரவுவது ஒன்று, காற்றால் பரவுவது ஒன்று, பூச்சியால் பரவுவது ஒன்று என மூன்று பின்னிக் கிடந்தன. அதனால் ‘சரியான விடை எது டீச்சர்?’ என்று கேட்க வழியில்லை. ஒரு குழு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், இன்னொரு குழு கொசுவைப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு குழுவும் தன் ஊகத்தைச் சொல்லி, ஒரே ஒரு நிலைமையை மட்டும் மாற்றிப் பார்த்து, என்ன ஆகிறது என்று ஒப்பிட வேண்டும். கடைசியில் ஊர் மேயருக்குக் கடிதம் எழுத வேண்டும். அறிவியல் பாடம் கடிதத்தில் போய் முடிவதை மொழி ஆசிரியர்கள் கவனிக்கலாம்.

அதே குழுவினர் பிறகு ‘எகோமியூவ்’ என்று இன்னொன்றைச் செய்தார்கள். இதில் ஊருக்குப் பதிலாக ஒரு குளம். மாணவர்கள் நாள்காட்டியில் தேதியை மாற்றி மாற்றிக் குளத்துக்குப் போய்வரலாம். ஒரு கோடைநாளில் போகும்போது பெரிய மீன்கள் செத்துக் கிடக்கின்றன. ஏன்?

பதில் உடனே கிடைக்காது. பக்கத்துக் குடியிருப்பில் புல்வெளிக்குப் போட்ட உரம் மழையில் அடித்துக்கொண்டு குளத்துக்கு வந்திருக்கிறது. உரத்தில் பாசி பெருகியிருக்கிறது. பாசி மடிந்ததும் அதை அழுகவைக்கும் நுண்ணுயிர்கள் பெருகி, தண்ணீரில் கரைந்திருந்த உயிர்வாயுவைத் தீர்த்துவிட்டன. காற்று அசையாத, மேகம் மூடிய, வெப்பமான நாளில் நிலைமை எல்லை கடந்துவிட்டது. உரம் போட்ட நாளுக்கும் மீன் செத்த நாளுக்கும் இடையே பல நாள்கள். காரணம் ஓரிடத்தில், விளைவு வேறிடத்தில். பாடப்புத்தகத்தில் இதை நான்கு வரியில் எழுதிவிடலாம். மாணவரும் மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் மீன் செத்ததைப் பார்த்துவிட்டுப் பின்னோக்கித் தேடிப் போகும்போதுதான், ஒரு காரணம் இவ்வளவு தூரத்தில் ஒளிந்திருக்க முடியும் என்று புரிகிறது.

இங்கே வேலை எப்படிப் பிரிக்கப்பட்டது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். குழுவில் நான்கு பேர். ஒருவர் தண்ணீரின் வேதியியலை அளப்பவர். ஒருவர் செடி, மீன், பறவைகளை எண்ணுபவர். ஒருவர் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களைப் பார்ப்பவர். நான்காமவர் துப்பறிவாளர், ஊரில் யார் என்ன செய்தார்கள் என்று விசாரித்து வருபவர். நான்கு பேரின் குறிப்புகளும் ஒரே அட்டவணையில் சேர்கின்றன. வேதியியல் அளப்பவரிடம் உயிர்வாயு குறைந்த எண் இருக்கிறது, ஆனால் ஏன் குறைந்தது என்று அவருக்குத் தெரியாது. துப்பறிவாளருக்கு உரமூட்டை தெரியும், ஆனால் அதற்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியாது. நால்வரும் பேசினால்தான் கதை முழுமையாகும். வகுப்பில் எப்போதும் முந்திக்கொள்ளும் கெட்டிக்காரப் பிள்ளையும் இங்கே மற்றவரிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். எப்போதும் வாய் திறக்காத பிள்ளையிடமும் மற்றவர்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இந்த உத்தி கணினிக்கு முந்தியது. எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் 1971-இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் இதை வகுத்தார். வெவ்வேறு இனப் பிள்ளைகள் முதல்முறையாக ஒரே வகுப்பில் உட்கார வேண்டி வந்து, வகுப்பறை உரசலாக இருந்த நேரம். பாடத்தைத் துண்டுகளாகப் பிரித்து ஆளுக்கொரு துண்டைக் கொடுத்தார். ஒருவர் துண்டு இல்லாமல் மற்றவரின் பாடம் நிறையாது. தாளும் கத்தரிக்கோலும் போதுமாக இருந்தன. மெய்நிகர் குளம் அதற்கு ஒரு பெரிய மேடை போட்டுக் கொடுத்தது. ஆகவே கணினி வாங்கப் பணமில்லை என்று இந்த உத்தியை எந்தப் பள்ளியும் தள்ளிப்போட வேண்டியதில்லை.

கூச்சப்படும் பிள்ளைக்கு ஒரு சீட்டு

சிங்கப்பூரிலும் இந்த வழியில் நல்ல முயற்சிகள் நடந்திருக்கின்றன. தேசிய கல்விக் கழகத்தின் ஆய்வாளர்கள், தொடக்கப்பள்ளி வகுப்புகளில் ‘குரூப் ஸ்கிரிபில்ஸ்’ என்ற மென்பொருளைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். திரை இரண்டாகப் பிரிந்திருக்கும். கீழ்ப்பாதி மாணவருக்கு மட்டும் சொந்தம், வேறு யாருக்கும் தெரியாது. மேல்பாதி எல்லாருக்கும் பொது. மாணவர் முதலில் கீழே ஒரு சீட்டில் தன் எண்ணத்தை எழுதுகிறார், அல்லது படம் வரைகிறார். சரி என்று தோன்றினால் மேலே இழுத்து ஒட்டுகிறார். பிறகு மற்றவர்களின் சீட்டுகளைப் படித்து, ஒத்தவற்றைச் சேர்த்து வைத்து, தன்னுடையதைத் திருத்துகிறார்.

சின்ன ஏற்பாடுதான். ஆனால் வகுப்பறையை அறிந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ‘யாருக்குத் தெரியும்?’ என்று ஆசிரியர் கேட்டால் கை தூக்குவது பெரும்பாலும் அதே நான்கு ஐந்து பேர். மற்றவர்கள் யோசித்து முடிப்பதற்குள் விடை வந்துவிடும். வந்தபின் யோசிக்கத் தேவையில்லை. தனியாக யோசிக்கக் கொஞ்சம் நேரமும், தப்பாக எழுதினாலும் யாரும் பார்க்காத ஓர் இடமும் கிடைத்தால், மெதுவாக யோசிக்கும் பிள்ளையின் சீட்டும் பலகைக்கு வரும். ஆசிரியருக்கும் ஒரே பார்வையில் வகுப்பு முழுவதும் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். இருபது சீட்டுகளில் பன்னிரண்டு ஒரே தவற்றைச் செய்திருந்தால், தவறு பிள்ளைகளிடமா, நடத்திய விதத்திலா என்று அவர் யோசிக்கலாம்.

மெய்நிகர் உலகங்களைப் பற்றி அதே கழகத்தைச் சேர்ந்த கென்னத் லிம் 2009-இல் ஒரு கட்டுரை எழுதினார். செகண்ட் லைஃப்பில் மாணவர் கற்கும் வழிகளை ஆறாகப் பிரித்தார்: சுற்றிப் பார்த்து, சேர்ந்து செய்து, வேறொருவராக இருந்து, கட்டியெழுப்பி, ஒரு கருத்துக்காக முன்நின்று, வெளியுலகுக்கு எடுத்துச் சொல்லி. ஆசிரியர் தன் பாடம் இந்த ஆறில் எதற்காக அங்கே போகிறது என்று முதலில் முடிவுசெய்ய இது உதவுகிறது. ஆறில் எதுவும் இல்லையென்றால் போகாமலே இருக்கலாம்!

தமிழ் வகுப்பில் என்ன செய்யலாம்?

நான்கு மாணவர்கள் கொண்ட ஒரு குழுவை எண்ணிப் பார்ப்போம். ஆசிரியர் ஒரு பொதுப்பக்கத்தைத் திறந்து, ‘சிராங்கூன் சாலையைப் பற்றி எல்லாரும் சேர்ந்து கட்டுரை எழுதுங்கள்’ என்கிறார். அரை மணி நேரத்தில் என்ன நடக்கும்? ஒருவர் எழுதுவார். இன்னொருவர் எழுத்தின் நிறத்தை மாற்றிக்கொண்டிருப்பார். மூன்றாமவர் தவறுதலாக ஒரு பத்தியை அழித்துவிட்டு ‘நான் இல்லை’ என்பார். நான்காமவர் சும்மா இருப்பார். குழுவேலை என்று பெயர்; ஒருவர் சுமக்க மூவர் சவாரி.

அதே பக்கம், வேறு வேலை. ‘நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு அந்தச் சாலையில் இருந்த கடைகள் எவை? வரைபடத்தில் காட்டுங்கள்.’ ஒருவர் தன் பாட்டியிடமோ தாத்தாவிடமோ கேட்டு, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும். ஒருவர் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்தில் பழைய படங்களைத் தேட வேண்டும். ஒருவர் வரைபடத்தில் இடம் குறிக்க வேண்டும். ஒருவர் எல்லாவற்றையும் படித்துத் திருத்தி, சந்தேகம் வரும் இடத்தில் ஓரத்தில் கேள்வி எழுத வேண்டும். பாட்டி ‘முனையில இருந்த பூக்கடை’ என்று மட்டும் சொல்லியிருந்தால் இடம் குறிப்பவர் திகைப்பார். ‘எந்த முனை?’ என்று கேட்பார். பாட்டியிடம் மறுபடியும் போக வேண்டியிருக்கும். அந்த இரண்டாவது உரையாடலுக்குத்தான் இவ்வளவு ஏற்பாடும். பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக மாற்றுவது பற்றி அரை மணி நேரம் விளக்குவதைவிட, பாட்டியின் ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நால்வரும் வாதாடுவது மேல்.

தட்டச்சு ஒரு தடை. அஞ்சல் முறையா, தமிழ்99 முறையா என்ற விவாதம் ஒருபுறம் இருக்க, இரண்டிலுமே விரல் பழகாத பிள்ளைக்கு ஒரு வரி எழுதுவதற்குள் எண்ணம் ஓடிவிடும். முதல் சில வாரங்களுக்குக் குரல்பதிவை அனுமதிப்பதோ, தாளில் எழுதிப் படமெடுத்து ஒட்டச் சொல்வதோ தவறில்லை. லகர, ளகர, ழகரப் பிழைகளை ஆசிரியர் சிவப்பு மையால் வட்டமிடுவதற்குப் பதில், திருத்தும் பொறுப்பில் இருக்கும் மாணவர் ஓரத்தில் கேட்கட்டும். இருவரும் அகராதியைப் பார்ப்பார்கள்.

தமிழ் படிப்பவர்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. மலேசியாவில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பல, குறிப்பாகத் தோட்டப்புறப் பள்ளிகள், மாணவர் குறைந்த பள்ளிகள். ஒரு வகுப்பில் நான்கைந்து பிள்ளைகளே இருக்கும் பள்ளிகளும் உண்டு. நான்கு பேர் குழு என்றால் வகுப்பே ஒரு குழுதான். மாற்றுக் கருத்துக்கு ஆளில்லை. பேராக்கில் உள்ள ஒரு தோட்டப்பள்ளியும் ஜொகூரில் உள்ள ஒரு தோட்டப்பள்ளியும் ஒரே பக்கத்தில் எழுதினால், பிள்ளைகளுக்குத் தமிழில் பேச, தமிழில் சண்டைபோட ஆள் கிடைக்கும். சிங்கப்பூரில் சிறிய தமிழ் வகுப்புகளுக்கும் இது பொருந்தும்.

சாதனம் இல்லாத வீடு

இத்தனையும் சொன்னபின் ஒரு கணக்கைப் பார்க்காமல் இருக்க முடியாது. 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது மலேசியக் கல்வி அமைச்சு பெற்றோரிடம் ஓர் ஆய்வு நடத்தியது. ஏறக்குறைய 9 லட்சம் மாணவர்களைப் பற்றிய விவரம் அதில் கிடைத்தது. அவர்களில் 36.9 விழுக்காட்டினரிடம் எந்த மின்னணுச் சாதனமும் இல்லை. கைப்பேசி வைத்திருந்தவர்கள் 46 விழுக்காடு. மடிக்கணினி வைத்திருந்தவர்கள் 9 விழுக்காடுதான். கைப்பேசி என்றாலும் பல வீடுகளில் அது அப்பாவின் கைப்பேசி. அவர் வேலையிலிருந்து வந்தால்தான் பாடம். அண்ணன், தங்கை இருவருக்கும் ஒரே கைப்பேசி என்றால் யார் பாடம் முதலில்? அதே ஆண்டு சபாவில் ஒரு மாணவி, இணையத் தேர்வு எழுதுவதற்காக அலைவரிசை தேடி மரத்தின் மீது ஏறி உட்கார்ந்த காணொளியைப் பலரும் பார்த்திருப்பார்கள்.

அதற்கு முன்பும் மலேசியாவுக்கு இதில் ஒரு பாடம் கிடைத்திருந்தது. 2011-இல் தொடங்கிய 1பெஸ்தாரிநெட் திட்டத்தின்கீழ் நாடெங்கும் பள்ளிகளுக்கு இணைய இணைப்பும் ஒரு மெய்நிகர் கற்றல் தளமும் கொடுக்கப்பட்டன. தளத்தைப் பயன்படுத்துவோர் மிகக் குறைவு என்று தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை சுட்டியது. 2019-இல் அந்த ஏற்பாடு முடிந்து, பள்ளிகள் கூகல் வகுப்பறைக்கு மாறின. 2020-இல் ‘டெலிமா’ தளம் வந்தது. தளம் இருந்தும் ஆள் வரவில்லை என்றால் குறை பிள்ளைகளிடம் மட்டும் இருக்க முடியாது. இணைப்பு மெதுவாக இருந்தது ஒரு காரணம். ஆசிரியர்கள் அங்கே போய் என்ன செய்வது என்பது தெளிவாகாதது இன்னொரு காரணம்.

சிங்கப்பூரில் நிலைமை எளிது, ஆனால் சிக்கல் இல்லாமல் இல்லை. ‘மாணவர் கற்றல் தளம்’ 2018-இலேயே எல்லாப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டதால், 2020 ஏப்ரலில் முழுமையான வீட்டிலிருந்தே கற்றல் தொடங்கியபோது பாடங்கள் தயாராக இருந்தன. ஆயிரக்கணக்கான கணினிகளைப் பள்ளிகள் இரவல் கொடுத்தன. உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவருக்கும் சொந்தச் சாதனம் என்ற திட்டம் விரைவுபடுத்தப்பட்டு 2021-இல் நிறைவேறியது. ஆனால் மூவறை வீட்டில் மூன்று பிள்ளைகளும் ஒரே நேரத்தில் ‘வகுப்பில்’ இருந்தால், அமைதியான மூலை ஒன்றுக்கு யார் ஏற்பாடு செய்வது? அதை எந்த அமைச்சும் இரவல் கொடுக்க முடியாது.

ஆகவே குழுவேலை கொடுக்கும் ஆசிரியர், குழுவில் சாதனம் இல்லாத பிள்ளை யார் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். வகுப்பு நேரத்திலேயே, பள்ளிக் கணினியிலேயே முடியும் வேலையாக அதை வைப்பது ஒரு வழி. பாட்டியிடம் பேட்டி எடுப்பது போன்ற, சாதனம் தேவைப்படாத பொறுப்பு ஒன்றை எப்போதும் வைத்திருப்பது இன்னொரு வழி. ஆனால் அந்தப் பொறுப்பு எப்போதும் அதே பிள்ளைக்குப் போய்விடக் கூடாது. பிள்ளைகள் இதையெல்லாம் விரைவில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கதவு யார் கையில்?

2020 ஏப்ரலில் சிங்கப்பூரில் ஓர் இணைய வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது அந்நியர்கள் உள்ளே புகுந்து ஆபாசப் படங்களைக் காட்டினார்கள். கல்வி அமைச்சு சில நாள்களுக்கு ‘ஜூம்’ செயலியை ஆசிரியர்கள் பயன்படுத்துவதை நிறுத்திவைத்து, பாதுகாப்பு ஏற்பாடுகளைச் சேர்த்தபின் அனுமதித்தது. மெய்நிகர் உலகங்களில் இந்தக் கவலை இன்னும் பழையது. செகண்ட் லைஃப்பின் முதன்மை உலகில் 18 வயதுக்கு மேற்பட்டோருக்குத்தான் அனுமதி இருந்தது; 13 முதல் 17 வயதினருக்கு 2005-இல் தனி உலகம் திறந்தார்கள். பிள்ளைகளின் உலகத்தில் பெரியவர்கள் தாராளமாக நுழைய முடியாது. பாதுகாப்புக்கு அது சரி. ஆனால் பாடம் நடத்த வேண்டிய ஆசிரியரும் பெரியவர்தானே! பின்னணிச் சோதனை முடித்து, தங்கள் பள்ளிக்குரிய தீவைத் தாண்டாமல் இருந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்தத் தனி உலகம் 2010 இறுதியில் மூடப்பட்டது.

செலவும் இருந்தது. அங்கே ஒரு தீவுக்கு மாத வாடகை 300 அமெரிக்க வெள்ளியை ஒட்டி இருந்த காலத்தில், கல்வி நிறுவனங்களுக்குப் பாதி விலைச் சலுகை கொடுத்தார்கள். 2011 முதல் அந்தச் சலுகை கிடையாது என்றதும் பலர் மூட்டை கட்டினார்கள். 2013-இல் சலுகை திரும்பியது. போனவர்களில் பலர் அதற்குள் வேறிடம் தேடிக்கொண்டார்கள். கட்டிய மண்டபங்களை எடுத்துப்போக முடியவில்லை.

யார் எழுதியது?

குழுவேலையில் பெற்றோரின் பெரிய மனக்குறை மதிப்பெண். ‘என் பிள்ளைதான் எல்லாம் செய்தான், எல்லாருக்கும் ஒரே மார்க்கா?’ தாளில் செய்த காலத்தில் இதற்கு ஆதாரம் இருக்காது. பொதுப்பக்கத்தில் இருக்கிறது. யார், எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த வரியைச் சேர்த்தார், எதை நீக்கினார் என்பது வரலாற்றுப் பகுதியில் பதிவாகிறது. குழுவுக்கு ஒரு மதிப்பெண், பங்களிப்புக்கு ஒரு மதிப்பெண் என்று பிரித்துக் கொடுக்க ஆசிரியருக்கு இது கைகொடுக்கும். ஆனால் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏமாறலாம். நூறு சொல் எழுதியவரைவிட, ஓரத்தில் ‘எந்த முனை?’ என்று இரண்டே சொல் எழுதியவர் கட்டுரையை அதிகம் உயர்த்தியிருக்கக்கூடும்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின், நால்வர் குழுவில் அழைக்காத ஐந்தாவது ஆள் ஒருவர் சேர்ந்துவிட்டார். அங்கேயும் அதே வரலாற்றுப் பகுதி உதவுகிறது. தட்டுத் தடுமாறி வளரும் பத்தி ஒரு மாதிரி தெரியும். ஒரே நொடியில் இருநூறு சொல் வந்து விழுந்தது வேறு மாதிரி தெரியும். பூக்கடை எந்த முனையில் இருந்தது என்று அந்த ஐந்தாவது ஆளுக்குத் தெரியாது என்பதும் ஆசிரியருக்கு ஒரு துணை.

இதற்கெல்லாம் ஆசிரியரின் நேரம் வேண்டும் என்பதை மறைக்கக் கூடாது. கருவி வந்தால் ஆசிரியரின் வேலை குறையும் என்று சொல்பவர்கள் வகுப்பு நடத்திப் பார்க்கவில்லை. வேலையை நான்காகப் பிரிக்க வேண்டும், பாதியில் போய் எட்டிப் பார்க்க வேண்டும், முட்டி நிற்கும் குழுவை நகர்த்த வேண்டும், முடிந்தபின் வரலாற்றைப் படிக்க வேண்டும். தவணைக்கு ஒருமுறை உருப்படியாகச் செய்தால் போதும். வாரா வாரம் ஒரு புதிய செயலியை அறிமுகப்படுத்தினால் பிள்ளைகள் செயலியைத்தான் கற்பார்கள்.

கடைசியாக, எல்லாரும் மறக்கும் ஒரு வேலை. இந்தக் கருவிகளுக்கு ஆயுள் குறைவு. ஆசிரியர்கள் பலர் நம்பியிருந்த ‘விக்கிஸ்பேசஸ்’ தளம் 2018-இல் மூடத் தொடங்கியது. கொவிட் காலத்தில் பல நாடுகளில் பிள்ளைகள் பயன்படுத்திய ‘எட்மோடோ’ 2022 செப்டம்பரில் மூடப்பட்டது. கூகலின் ‘ஜேம்போர்டு’ பலகை 2024 டிசம்பர் 31ஆம் தேதியோடு போனது. ஒவ்வொரு முறையும் முன்னறிவிப்பு வந்தது. மின்னஞ்சலைத் திறந்து பார்க்காதவர்கள் பிள்ளைகளின் வேலையை இழந்தார்கள். தவணை முடிவதற்கு ஒரு வாரம் முன்பு பக்கத்தைப் பதிவிறக்கி, அச்சிட்டு, ஒரு பிரதியை வகுப்பு நூலகத்தில் வைத்துவிடலாம். இன்னொரு பிரதி பாட்டிக்குப் போகட்டும். அடுத்த ஆண்டு வரும் மாணவர்கள் அங்கிருந்து தொடங்குவார்கள். வரைபடத்தில் இன்னும் இரண்டு கடைகளுக்கு இடம் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.